மணிக்கூண்டு வீட்டு ரோஷம்

மணிக்கூண்டு வீட்டு ஆண்களுக்குக் கோபம் வந்தால் அது உதட்டில் தெரியும். கத்துவதும் கதவை அறைவதும் கண்டவர் வீட்டுக் கோபம். இந்த வீட்டில் அப்படியில்லை. மேலுதட்டின் இடது ஓரத்தில் முதலில் ஒரு குறுகுறுப்பு எடுக்கும். மறுநாள் கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளம், பிறகு பொருக்கு. பொருக்கு உதிர்வதற்குள் எதிராளி வந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அறுந்த உறவு அறுந்ததுதான். குடும்பத்தில் இதற்கு ரோஷக் கொப்புளம் என்று பெயர். தாத்தாவுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். அப்பாவுக்கு இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது அது ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவுக்கு அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். வீட்டுக்கும் அப்படியே. காலைக் காபி தாமதமானால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால், அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்பார். தெருக்கோடியில் நிற்கும் மணிக்கூண்டுக் கடிகாரத்துக்கு அவருடைய முன்னோர்கள்தான் சாவி கொடுத்து வந்தார்கள். கடிகாரம் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. வீட்டின் பெயர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்வரை அதற்கு ஒரு தூசு படாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று அவர் நினைத்தார். அப்படி நினைக்க ஒருவராவது இல்லாத குடும்பம் குடும்பமா என்ன?

அவருடைய கொப்புளங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தன்னைவிட இளையவனுக்குப் பெரிய ஜங்ஷனைத் தூக்கிக் கொடுத்தபோது ஒன்று வந்தது. பிரிவு உபசார விழாவில் அவர் பெயருக்கு முன்னால் 'திரு' போடாமல் பேனர் கட்டியபோது ஒன்று. மகனுக்கு நிச்சயம் செய்த அன்று, சம்பந்தியாகப் போகிற வக்கீல், "மணிக்கூண்டு வீடுன்னா கடிகாரம் ஓடுமா, சும்மா பேருக்குத்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கல்யாணத்துக்குக் கொப்புளம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் ஸ்டேஷன் மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சம்பந்தியைப் பிடிக்காதவர் போல நிற்கிறார். பிடிக்காதுதான்.

ஒவ்வொரு முறையும் மனைவி வெண்ணெய் தடவிவிடுவாள். "ரோஷம் உங்களுக்கு, வெண்ணெய்ச் செலவு எனக்கு" என்பாள். வெண்ணெயில் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வருவார். அது சூட்டைத் தணிக்கிற களிம்பு என்று அவர் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவரே அப்படித் தீர்மானித்திருந்தார்.

மருமகள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களை வளர்த்துப் படிப்பவள். மாமனார் தன் பழைய ஸ்டேஷன் கதைகளைச் சொல்லும்போது தட்டில் கை காய்ந்துபோனாலும் எழுந்து போகாமல் கேட்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். அதனாலேயே அவளுக்கு அங்கே தனி மரியாதை. ஒருநாள் காலை, குப்பை வண்டிக்காரனிடம் நியாயம் கேட்டதில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு உதடு கொப்புளித்திருந்தது. அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, அதிலிருந்து கொஞ்சம் பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொள்ளலாமா, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டாள். எதற்கு, என்ன என்று விளக்கவும் தொடங்கினாள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். காரணம் கேட்டுக் கொடுப்பது கடன், கேட்காமல் கொடுப்பதுதான் கொடை என்று சொல்லி உதட்டை நீட்டினார்.

பஞ்சைக் குப்பியில் போட்டு மூடிய பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குப்பியின்மேல் என்ன எழுதுவாய் என்று கேட்டார். யார் கொடுத்தது என்று வெளியே தெரியக்கூடாது என்பதால் வெறும் எண்தான் போடுவது வழக்கம் என்றாள் மருமகள்.

"நம்பர் போட அது என்ன கூட்ஸ் வண்டியாம்மா?" என்றார் அவர். "வீட்டுப் பேரைப் போடு."

அவள் தயங்கினாள், அவளுடைய பேராசிரியர் தயங்கினார், மாமனார் தயங்கவில்லை. கடைசியில் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டிக்குள் 'மணிக்கூண்டு-1' என்ற பெயரில் அது குடியேறியது. பள்ளிக்கூடத்துக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன் இறக்கைக்கு இறக்கை தன் பெயரை எழுதிக்கொள்கிற காலத்தில், அறிவியலுக்கே உதட்டைக் கொடுத்த வீட்டின் பெயர் மறைவாக இருப்பதா?

அதற்குப் பிறகு காலை நடைக்குப் போகும் நண்பர்களிடம் அவர் பேச்சே மாறியது. மணிக்கூண்டு வீட்டு ரத்தம் வைரஸை எப்படி எதிர்த்து நிற்கிறது என்று மருமகள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். ஆராய்ச்சி முடிந்து முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றதும், அழைப்பிதழ்களைக் கட்டாக வாங்கி வந்து நடை நண்பர்கள், அயலார், குப்பை வண்டிக்காரன் உட்பட எல்லோருக்கும் கொடுத்தார். 'ஹெர்பிஸ் வைரஸ் செல்லின் மரபணுக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் விதம்: மணிக்கூண்டு-1 வழியாக ஓர் ஆய்வு' என்று அதில் அச்சிட்டிருந்தது. கடைசிப் பாதியை மட்டும் அவர் விரலை வைத்துக் காட்டுவார்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மகளுக்குத் தைரியம் சொல்ல வக்கீல் சம்பந்தி வந்து இறங்கினார். ஓய்வு பெற்றும் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நடக்கிறவர் அவர். அடர்ந்த மீசை, அதற்குள்ளேயே சிரிப்பு. கூடத்தில் உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கியதும் அழைப்பிதழை எடுத்துப் படித்தார். ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"சம்பந்தி, இதை எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததாக ஸ்டேஷன் மாஸ்டர் பெருமையோடு சொன்னார்.

"கேட்காதவங்களுக்கும் கொடுத்திருப்பீங்க. சரி. இதுல எதிர்த்து நிக்குதுன்னு எங்க இருக்கு? கைப்பற்றுதுன்னுல்ல இருக்கு. கைப்பற்றறது யாருன்னு பார்த்தா, உங்க வீட்டுப் பேர்." காபியை ஒரு வாய் குடித்தார். "ஹெர்பிஸ்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லும் வழக்கம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு இல்லை.  வக்கீல் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் பின்கட்டு வரை கேட்டது. தான் நடத்திய விவாகரத்து வழக்குகளில் அந்த வார்த்தை எத்தனை வீட்டு மானத்தைக் கூண்டில் ஏற்றியது என்று விவரித்தார். அந்த மாதிரிப் பேருக்குப் பக்கத்தில் எந்தக் குடும்பத்தானும் தன் பேரை வரவிட மாட்டான், வந்தாலும் அச்சடித்துத் தெருவில் கொடுக்க மாட்டான் என்று முடித்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டினார். சம்பந்தியையும் எழுப்பினார். இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடையில் கூட்டம் இருந்தது. அவர் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார். நான் வாங்கும் களிம்பு சூட்டுக்குத்தானே என்றார்.

"சூட்டுக்கா?" மருந்துக்கடைக்காரர் வில்லைகளை எண்ணுவதை நிறுத்தினார். "அது ஹெர்பிஸுக்கு சார். இத்தனை வருஷமா அதுக்குத்தானே வாங்குறீங்க."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் மருந்துச் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். சீட்டு இல்லாதவர்கள் கூரையைப் படித்தார்கள். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். இதில் இரண்டு வகை உண்டு, இது உதட்டில் வருகிற வகை, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உரக்கச் சொன்னார். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால் அதற்குமேல் வெட்கப்பட என்ன வேண்டும்? திரும்பும் வழியில் வக்கீல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மாலை மருமகள் வேலையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் இருக்க வசதியாக ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. பேரை எடுத்துவிடு என்றார். தாத்தா காலத்திலிருந்து இந்தப் பெயரை ஒருவன் கைநீட்டிக் குறை சொன்னதில்லை. நாளைக்கு ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் அது ஒரு வியாதியின் பெயராகத் திரையில் விழுந்தால், தான் காலை நடைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். சொல்லும்போதே இடது உதட்டோரம் குறுகுறுத்தது.

"எடுத்துடறேன் மாமா" என்றாள் மருமகள். "திரையில எல்லா இடத்திலயும் மாத்திடலாம். ஒரு மணி நேர வேலை."

சண்டைக்குத் தயாராக வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசாரணை இல்லாமல் யாரையும் நீக்குவது அவர் உத்தியோக காலத்திலேயே கிடையாது. அது செய்த குற்றம் என்ன என்பதையாவது சொல் என்றார்.

"ஒரு ஸ்டேஷன்னு வச்சுக்குங்க மாமா."

"எந்த மாதிரி ஸ்டேஷன்? ஒத்தைப் பாதையா, ரெட்டைப் பாதையா?"

"உங்க ஸ்டேஷன் மாதிரி பெரிய ஸ்டேஷன்."

சரி, மேலே சொல் என்பதுபோல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மேசைமேல் இருந்த டம்ளர், கரண்டி, பழத்தோல் எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு ஸ்டேஷன். அதன் நடுவில் இருக்கும் உட்கரு சிக்னல் கேபின். ஓடக்கூடிய அத்தனை வண்டிகளுக்கும் கால அட்டவணை அங்கேதான் இருக்கிறது, அதுதான் மரபணுக்கள். எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் ஓடாது. எதற்குப் பச்சை, எதற்குச் சிவப்பு என்பதை வைத்துத்தான் ஒரு செல் தோலாக இருக்கிறது, இன்னொன்று ஈரலாக இருக்கிறது.

இந்த வைரஸ் அங்கே வந்து சேருகிற ஒற்றைப் பெட்டி. எஞ்சின் இல்லை, டிரைவர் இல்லை, கேபின் இல்லை. ஓர் அட்டவணை மட்டும் கையோடு கொண்டுவருகிறது. அந்த அட்டவணையைக் கேபினுக்குள் நுழைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆனால் கேபின் ஆட்களும் சும்மா இல்லை. புதுத் தாளைப் பார்த்ததும், இது நம்முடையதில்லை என்று கித்தானைப் போட்டு மூடப் பார்க்கிறார்கள். அப்போதுதான் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு ஆசாமி இறங்குகிறான். அவனுக்குத் தனியாக நெம்புகோல் எட்டாது. ஸ்டேஷனின் சொந்த ஊழியர்கள் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் கையாலேயே தன் வண்டிக்குப் பச்சை போடவைக்கிறான்.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "நம்ம ஆளுங்களையா?"

"நம்ம ஆளுங்களைத்தான். தினமும் மத்த வண்டிக்குக் கொடி காட்டுறவங்க."

"அந்த ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணணும்."

"பண்ணினா செல்லே ஓடாது மாமா. அதுதான் அதோட சாமர்த்தியம். இல்லாம முடியாத ஆளாப் பார்த்துத்தான் கையைப் பிடிக்குது."

வக்கீல் விரல்விட்டு எண்ணினார். அத்துமீறி நுழைதல், ஆள்மாறாட்டம், அரசு ஊழியரைத் தவறாகப் பயன்படுத்துதல். இன்னும் இருக்கிறது என்றாள் மருமகள். முதல் பச்சையில் வருகிற வண்டியில் அதிகாரிகள் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் காவல்காரர்களைத் துரத்தி, கித்தான்களைக் கிழித்து எறிகிறான். இரண்டாவது பச்சையில் அட்டவணையைப் படி எடுக்கிறவர்கள் வருகிறார்கள். மூன்றாவதில் புதுப் பெட்டி கட்டுகிற கொல்லர்கள். இந்த வரிசை ஒருநாளும் மாறாது. இதற்கிடையில் பெட்டியோடு வந்த இன்னொருவன், மற்ற டிரைவர்கள் கையில் இருக்கும், வண்டி கிளம்ப அனுமதி தரும் லைன் கிளியர் சீட்டுகளையெல்லாம் கிழித்துப்போட்டுக்கொண்டே போகிறான். ஸ்டேஷனில் இருக்கிற எஞ்சின் எல்லாம் வைரஸின் பாதைக்குப் போய்விடுகிறது. செல்லின் சொந்த வண்டிகள் அங்கங்கே நிற்கின்றன.

"ஸ்டேஷன் மாஸ்டர் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று கேட்டார் அவர். 

"அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்குற மாதிரிதான் தெரியும் மாமா. கை சொந்தக் கை, கொடி சொந்தக் கொடி."

அவர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டார். உத்தியோக காலத்தில் எத்தனையோ கெட்ட கனவு கண்டிருக்கிறார். தடம் புரண்டது, மோதிக்கொண்டது எல்லாம் உண்டு. எல்லாம் முறைப்படி நடந்துகொண்டே ஸ்டேஷன் பறிபோகிற கனவு வந்ததில்லை. இவ்வளவு ஒழுங்கான அயோக்கியத்தனத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று வண்டியும் வரிசை தவறாமல் வருகிறதாமே என்று இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அதில் ஒரு துளி மரியாதை கலந்திருந்ததை மனைவி மட்டும் கவனித்தாள்.

மருமகள் மீதியையும் சொன்னாள். தோலில் இருக்கும் ஸ்டேஷனை இப்படிச் சூறையாடிவிட்டு அது நரம்புக்குள் போய்விடும். நரம்புச் செல்லில் மட்டும் கித்தான் ஜெயிக்கும். அட்டவணையை இறுக மூடிக் கட்டிப்போட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் கிடக்கும், சாகாது. காய்ச்சலோ, கடும் வெயிலோ, மனக்கொதிப்போ வந்து ஸ்டேஷன் கலங்கினால் கித்தான் நழுவும். பழைய வழியாகவே உதட்டுக்கு இறங்கி வரும்.

"அதனால ரோஷப்பட்டா கொப்புளம் வரும்னு நீங்க சொன்னது சரிதான் மாமா. ஆனா அது உங்க ரோஷம் இல்ல. உங்க ரோஷத்துக்காகக் காத்துட்டிருக்குற வேற ஒருத்தன்."

"சம்பந்தி வீட்டு ரோஷத்துக்கு உள்ள ஒரு குத்தகைக்காரன் இருக்கான்னு சொல்லு" என்றார் வக்கீல்.

"எல்லார் வீட்டுலயும் இருக்கான்ப்பா. உலகத்துல பாதிப் பேருக்கு மேல இது உள்ள இருக்கு. உங்களுக்கும் வருமே, பெரிய கேஸ் வாய்தாவுக்கு முந்தின நாள். மீசைக்கடியில."

வக்கீலின் கை அவரைக் கேட்காமலே மீசைக்குப் போயிற்று.  மகன் முதல் தடவையாகப் பழத்தில் ஒரு சுளை தின்றான்.

ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் அந்த வெற்றியை அனுபவிக்கிற நிலையில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கேட்கவும் பயமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். தான் ஒழுக்கம் தவறி நடந்தவனில்லை என்பது இந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும். பிறகு அது எப்படித் தன்னிடம் வந்தது?

"சின்ன வயசுலயே வந்திருக்கும் மாமா. அப்படித்தான் பெரும்பாலும் வரும். உதட்டுல இது இருக்குற பெரியவங்க யாராவது குழந்தைக்கு முத்தம் கொடுத்திருப்பாங்க."

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் அவர் உடனே.

கிடையாதுதான். அம்மா கைநிறையப் பிள்ளைகளோடு வேலைக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தவள். அவள் உதட்டில் ஒருநாளும் கொப்புளம் வந்ததில்லை. அப்பாவோ மகனிடம் நேராகப் பேசியதே அபூர்வம். எதிரில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே, "பையன் சாப்பிட்டானா?" என்று அம்மாவைக் கேட்பார். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அவர் சொன்னது, "ஷூவுக்கு பாலிஷ் போடச் சொல்லு." தோளில் கை வைத்ததாகக்கூட நினைவில்லை.

மனைவி வெண்ணெய்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "உங்கம்மாவுக்குக் கொப்புளம் வராது. உங்கப்பாவுக்கு வரும். அப்போ உங்கப்பாதான் கொடுத்திருக்கார்."

மருமகள் அவசரமாக, கொப்புளம் வராமலே ஒருவரிடம் அது இருக்க முடியும், அப்பாதான் என்று அறிவியல்படி உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லலாம் என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு வராத குழந்தையாக இருந்தபோது, யாரும் பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில், அந்த மனிதர் குனிந்திருக்கிறார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் குனிந்திருப்பார். அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கொடுத்தவரும் போய்விட்டார். சாட்சி என்று மிஞ்சியிருப்பது நரம்புக்குள் கித்தான் போர்த்திக்கிடக்கும் இந்தத் திருட்டுப் பயல் மட்டும்தான்.

பேரை எடுக்கவா, விடவா என்று மருமகள் கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்று எழுந்துபோனார். காலையிலும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். உதட்டில் கொத்தாக வந்திருந்தது. கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், கடைசியில் மேசைமேலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

பல்கலைக்கழகக் கூடம் நிறைந்திருந்தது. நடை நண்பர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடையில் கூரையைப் படித்தவர்களில் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, மகன், வக்கீல். மருமகள் மேடையில் நின்று படம் படமாகக் காட்டிப் பேசினாள். செல்லின் சொந்தப் புரதங்களை வைரஸ் கூட்டுச் சேர்க்கும் படம் வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க" என்று கிசுகிசுத்தார். திரையில் எங்கும் வீட்டுப் பெயர் இல்லை. 'மாதிரி-1' என்றுதான் இருந்தது. விளக்கு எரியாத சிக்னலைச் சிவப்பென்றுதான் கொள்ள வேண்டும் என்பது அவரே சாப்பாட்டு மேசையில் ஆயிரம் தடவை சொன்ன விதி. அவர் பதில் சொல்லவில்லை. அவள் சிவப்பென்று எடுத்துக்கொண்டாள்.

பேசி முடித்ததும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் கேள்வி கேட்டார். ஒல்லியான, எதற்கும் சிரிக்காத பெண்மணி. ஆய்வேட்டிலும் அழைப்பிதழிலும் 'மணிக்கூண்டு-1' என்று ஒரு பெயர் இருக்கிறதே, திரையில் அது எப்படிக் காணாமல் போனது, இரண்டும் ஒன்றுதானா, நடுவில் வேறு மாதிரியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் தவறினால் ஆராய்ச்சியின் நாணயமே சந்தேகத்துக்கு உள்ளாகும். மருமகள் முன்வரிசையைப் பார்த்தாள். மாமனாரை மட்டும் பார்க்காமல் பார்த்தாள். ஒன்றுதான், கொடுத்தவரின் விருப்பத்துக்காக மாற்றினேன் என்றாள். யார் கொடுத்தவர், எப்போது அப்படி விரும்பினார் என்று தேர்வாளர் விடவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றாள் அவள்.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார். கூடத்தில் மைக் வைத்துக்கொண்டிருந்த ஊழியர் கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்து ஓடிவந்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

"கொடுத்தது நான்தான்" என்றார். குரல் கூடத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. "மணிக்கூண்டு வீடுங்கறது என் வீடு. பேரை எடுக்கச் சொன்னதும் நான்தான். அது தப்பு. நேத்துதான் எனக்கு விவரம் தெரிஞ்சது. இது எங்கப்பா எனக்குக் கொடுத்தது. எங்க வீட்டுப் பேர்லயே இருக்கட்டும்."

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மாதிரி மாறவில்லை என்பதைப் பதிவுசெய்துகொண்டதாகச் சொன்னார். ஆனால் அறிவியல்காரருக்கு ஆதாரமில்லாத வாக்கியம் கண்ணில் விழுந்த தூசு. "உங்கப்பாகிட்டேருந்துதான் வந்ததுன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

"என் ஆயுசுல வேற யாரும் எனக்கு முத்தம் கொடுத்ததே இல்ல" என்றார் மைக்கில்.

 நடை நண்பர்கள் வரிசையில் யாரோ தும்முவதுபோல் தொடங்கி வைத்தார். அதன்பின் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தேர்வாளர் அம்மாளின் உதடுகூட ஒரு பக்கமாக அசைந்தது. மேடையில் மருமகள் முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டாள். வக்கீல் மீசையைக் கையால் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஸ்டேஷன் மாஸ்டர், தான் சொன்னதில் அப்பாவுக்கு ஏதும் அவமரியாதை வந்துவிட்டதோ என்று நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்து, பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டார்.

தேர்வாளர்கள் கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும், எல்லோரும் சற்று வெளியே இருங்கள் என்று அறிவித்தார்கள். அவர் நடைவழிக்கு விரைந்தார். மனைவி கோடியில் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். அன்று அவர் ஏறக்குறைய ஓடினார்.

"குழந்தையா இருந்தப்போன்னு சொல்ல வந்தேன்" என்றார் மெல்ல. "வாய்ல வரல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வராது. என் விஷயம்னா எது வந்துச்சு?"

"எல்லார் முன்னாலயும் அதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

"எல்லார் முன்னாலயும் இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சுதே."

வக்கீல் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. இந்த மாதிரி வழக்குகளில் தனக்கு நெடுநாள் அனுபவம் உண்டு என்றும், சம்பந்தியம்மாளுக்காகக் கட்டணமில்லாமல் ஆஜராகத் தயார் என்றும் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் அந்த மனிதரிடம் ரோஷப்படாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

"இப்ப நான் என்ன பண்ணணுங்கற?"

"இத்தனை பேர் கேக்கச் சொன்னீங்க" என்றாள் மனைவி. முகம் இன்னும் ஜன்னல் பக்கமே இருந்தது. ஆனால் கழுத்தோரம் சிவந்திருந்தது. "அத்தனை பேரும் கேக்கத் திருத்திட்டு வாங்க. மணிக்கூண்டு வீட்டுக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல. அதுல எனக்கும் பங்கு உண்டு."

 அவள் சொன்னது முற்றிலும் சரி. பேருக்கு ஒரு தூசு பட்டிருக்கிறது, அதைப் படவிட்டவரே துடைக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் நடைவழியில் நின்றிருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க, ஒரு திருத்தம் இருக்கு" என்றார். சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார். பிறகு, தேர்வாளர்கள் சாத்தி வைத்திருந்த கூடத்துக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து குரல் வருவதற்குள் இன்னொரு முறை தட்டினார்.